பதின்மூன்று செவ்வாய்

என் தம்பி ஸ்ரனிஸ்லாஸ் குளிசையைப் பார்த்து விழுங்கும் ஆள் இல்லை. கையை நீட்டுவான். உள்ளங்கையில் நான் எதை வைக்கிறேனோ அது வாய்க்குள் போகும், பின்னால் அரைக் கிளாஸ் தண்ணீர் போகும், கண் மட்டும் ரீவியில் இருக்கும். நாளைக்குப் பதினேழு குளிசை விழுங்கிய காலத்திலும் அப்படித்தான். "என்னத்தை விழுங்கிறாய் எண்டாவது பாரன்ரா" என்று ஏசினால், "நீ பார்த்துத்தானே தாறாய். ஒரு வேலைக்கு ரெண்டு பேரா?" என்பான்.

அது அவனுடைய தொழிலில் வந்த பழக்கம். கொழும்புத் துறைமுகத்தில் பதினெட்டு வருடம் கிறேன் ஓட்டினவன். மேலே கூண்டுக்குள் இருப்பவனுக்குக் கன்ரெய்னரின் அடி தெரியாது. கீழே நிற்பவன் கை காட்டினால் தூக்கவேண்டும், கை காட்டினால் இறக்கவேண்டும். "கீழ நிக்கிறவனைச் சந்தேகப்பட்டால் மேல இருந்து ஒரு பெட்டியும் இறக்கேலாது" என்பான். வீட்டில் கீழே நின்று கை காட்டியது நான்.

நான் மெற்றில்டா, அவனுக்கு ஆறு வயது மூத்தவள். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் தட்டெழுத்து வேலை. மற்றவர்களின் சத்தியக்கடதாசிகளை அடித்துக் கொடுப்பதே என் பிழைப்பு. "இதிற் கூறப்பட்டவை யாவும் உண்மையென இத்தால் சத்தியம் செய்கிறேன்" என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அம்மா போனபோது ஸ்ரனிக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் அந்த இரண்டு அறை வீட்டில் அவனுக்குச் சோறு போட்டதும் நான், ஏசினதும் நான். உன்னால்தான் எனக்குக் கலியாணம் ஆகவில்லை என்று சண்டையில் சொல்வேன். வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் திருப்பி அனுப்பியது நான்தான் என்பது அவனுக்கும் தெரியும். அவனும் கட்டவில்லை. கேட்டால், கூண்டுக்குள் ஏறினால் பெண்கள் எறும்பு அளவில்தான் தெரிகிறார்கள், எதைப் பிடிக்கிறது என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கை முழுவதும் அவனோடு கரம் போட்டில் காய் அடித்து விளையாட வந்துவிடும். அவனை வென்றவர்கள் குறைவு. தோற்றால் மூன்று நாளைக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பல்முரசில் இரத்தம் வந்தது, பல் டொக்டரிடம் போனான், அவர் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மருந்து ஏற்றினார்கள், மயிர் கொட்டியது, கொஞ்சம் அடங்கியது. அடங்கியது போதாது, எலும்பு மச்சை மாற்றவேண்டும் என்றார் டொக்டர் சிவானந்தன். என் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பத்துக்குப் பத்துப் பொருந்தியது. பிறந்த நாளிலிருந்து ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு இரத்தம் மட்டும் இப்படிப் பொருந்தியிருக்கிறதே என்று அவன் ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தான். இருபத்திரண்டாம் ஆண்டு ஜனவரியில் என் மச்சை அவனுக்குள் போனது.

பெப்ரவரி முடிவில் அவனுடைய உள்ளங்கை சிவந்தது. பிறகு காது, பிறகு முதுகு. கடி என்றால் அப்படிக் கடி, சொறியச் சொறிய அடங்காது. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ற் போய்விட்டது. "இது எதிர்பார்த்ததுதான். அக்காட ஸெல்லுக்குத் தம்பியின்ர உடம்பு புது வீடு. கொஞ்சம் சண்டை பிடிக்கும்" என்றார் டொக்டர். அந்தச் சண்டையை அடக்குகிற குளிசையைக் கூட்டித் தந்தார். இரண்டு கிழமையில் தோல் உரிந்து ஆறியது.

டொக்டருக்கு அது ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. என்னுடைய இரத்தம் என் தம்பியைக் கடித்திருக்கிறது. ஏசியது போதாதென்று உள்ளே போயும் கடிக்கிறேன். அவன் முதுகைத் தேய்க்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. அதனால் ஏப்ரல் முதற் செவ்வாயில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் நேர்ந்தேன். பதின்மூன்று செவ்வாய் தொடர்ந்து வருவேன், அந்தக் கடி மட்டும் திரும்ப வரக்கூடாது.

கொட்டாஞ்சேனையில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் சிங்களச் சனமும் வந்து நிற்கும். பதின்மூன்று செவ்வாய், ஒரு மெழுகுதிரி, ஒரே மன்றாட்டு. நடுவில் ஒரு செவ்வாய் தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. அம்மாவும் அப்படித்தான் செய்தாள்.

நான்கு செவ்வாய் முடிந்திருந்தபோது டொக்டர் சொன்னார், அந்த அடக்குகிற குளிசை இனித் தேவையில்லை, கிழமைக்கு ஒவ்வொன்றாகக் குறைத்து ஜூன் கடைசியில் முற்றாக நிறுத்துங்கள் என்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. தேவையில்லை என்றால் இருந்தால் என்ன குறை என்றுதான் யோசித்தேன். இப்போது குறைக்கப் போய்க் கடி திரும்ப வந்தால் அந்தோனியார் என் மன்றாட்டைக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். அவருக்கு அப்படியொரு பெயர் வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒன்பது செவ்வாய்தானே, அது முடிந்ததும் குறைக்கலாம். நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு இருந்தாலும் ரொறொன்ரோவில் இருக்கும் மாமி மகள் அனுப்பிய பெட்டிகள் அலுமாரிக்குள் நிறைய இருந்தன. இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மே மாதம் நாடு கொந்தளித்து ஊரடங்கு போட்டார்கள். அது ஆறாவது செவ்வாய். படலையைத் திறந்து ஒழுங்கை முனை வரைக்கும் போனேன், ஆமிக்காரன் "ஆப்பஹு யன்ன" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்த கிழமை முதலாம் செவ்வாயாகத் தொடங்கினேன். ஜூன் இருபத்தெட்டில் முடியவேண்டியது ஓகஸ்ட் ஒன்பதுக்குப் போனது. அவ்வளவு நாளும் காலையும் மாலையும் அவன் கையை நீட்டினான், நான் முழு அளவையும் வைத்தேன். பெற்றோல் இல்லாத காலம், கிளினிக் எல்லாம் ரெலிபோனில் நடந்தது. "குளிசையைக் குறைக்கிறீங்கள்தானே?" என்று டொக்டர் கேட்பார். "ஓம் டொக்டர்" என்பேன். ஜூலையில் "நிப்பாட்டியாச்சோ?" என்றார். அதற்கும் ஓம் என்றேன்.

பொய் என்று அப்போது நினைக்கவில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லுகிறேன், எப்படியும் செய்யத்தானே போகிறேன் என்று நினைத்தேன். பதின்மூன்றாவது செவ்வாய் முடிந்து வந்தபோது நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு கடி இல்லை, ஒரு சிவப்பு இல்லை. மறுநாள்தான் குறைக்கத் தொடங்கினேன்.

செப்ரெம்பர் நடுவில் முரசில் திரும்பவும் இரத்தம் வந்தது.

மாளிகாவத்தை ஸாலிஹ் நானாவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தமும் மச்சையும் எடுத்துப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் டொக்டர் சிவானந்தன் எங்கள் இருவரையும் இருத்திக் கதைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாது.

"திருப்பி வந்திட்டுது" என்றார். "அக்காட ஸெல்தான் இப்ப உங்கட உடம்புக்குக் காவல். அந்தக் குளிசை காவல்காரரை நித்திரையாக்கி வைச்சிருக்கும். அதை நிப்பாட்டினால்தான் அவை முழிச்சு, ஒளிச்சிருக்கிற கான்சரைப் பிடிப்பினம். அதுக்குத்தான் நிப்பாட்டச் சொன்னனான். ஜூனில நிப்பாட்டியாச்சு. முழிச்சு இருந்தும் அவை பிடிக்கேல்லையெண்டால், அக்காட்ட இன்னொருக்கா ஸெல் எடுத்து ஏத்தியும் பெரிசாப் பிரயோசனம் இல்லை. ஆபத்துத்தான் கூட. இரத்தம் ஏத்திக்கொண்டு, வீட்டில சுகமா வைச்சிருக்கிறதுதான் நல்லம் எண்டு நினைக்கிறன்."

ஸ்ரனி தலையை ஆட்டினான். டொக்டர் கொப்பியைப் புரட்டினார். "ஜூன் கடைசியில முழுக்க நிப்பாட்டினதுதானே?"

"அது அக்காட டிப்பார்ட்மென்ற்" என்றான் ஸ்ரனி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அன்று காலையும் அந்தக் குளிசையில் ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "ஓம் டொக்டர்" என்று வந்தது.

அந்த ஓம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தம்பி சாவான் என்று சொல்லப்பட்ட அறையில், நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நாலு நாள் அப்படியே போனது. கந்தோரில் காணி வழக்குக்காரன் ஒருவனின் சத்தியக்கடதாசி அடித்தேன். கடைசி வரியில் மூன்று தடவை பிழை விட்டேன். பேர்னாட் ஐயா, எங்கள் நொத்தாரிசு, "உமக்கு என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் என்றேன், பக்கத்து வீட்டைப் பற்றிக் கதைத்தேன் என்றேன், வெள்ளிக்கிழமை மறந்துபோய் இறைச்சி றோல்ஸ் தின்றேன் என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார் சுவாமி. சொல்லிவிட்டு வெளியே வரும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்ரனி திடீரென்று சொன்னான், "அக்கா, நீ உன்ர இரத்தம் சரியில்லையெண்டு யோசிக்காத. அது ஏலுமானதைச் செய்தது. நல்ல இரத்தம்தான். என்ர உடம்பு பழுதாப்போச்சு, அதுக்கு நீ என்ன செய்யிறது?"

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். என் இரத்தத்தின்மேல் பழி வரவிட்டு, அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பழியையும் அவன் தன்மேல் தூக்கிப் போட்டுக்கொள்கிறான். சாகப்போகிறவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை கந்தோருக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கோட்டையில் ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போனேன். பின்னேரங்களில் டொக்டர் சிவானந்தன் அங்கே கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் ஆட்களைப் பார்ப்பார். எனக்கு இருபத்தோராம் நம்பர். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் சத்தம் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம். ஒவ்வொரு நம்பர் கூப்பிடும்போதும் எழும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

உள்ளே போய்க் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடி சொன்னேன். "டொக்டர், அந்தக் குளிசை ஜூனில நிப்பாட்டேல்லை. ஓகஸ்ட் ஒன்பது மட்டும் முழுக்கக் குடுத்தனான். இப்பவும் காலமை ஒண்டு குடுக்கிறன்."

அவர் பேனையை வைத்தார். "ஏன்?"

"அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி."

அவருக்கு வந்த கோபம்! "ரெலிபோனில ஓம் ஓம் எண்டீங்கள். முன்னால இருத்திக் கேட்டனான், அண்டைக்கும் ஓம் எண்டீங்கள். உங்கட சொல்லை நம்பித்தானே நான் இனி ஒண்டும் செய்யேலாது எண்டு முடிவெடுத்தனான்?" வெளியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றேன்.

பிறகு அவர் கலண்டரை இழுத்து விரலால் மாதங்களைத் தட்டினார். குரல் இறங்கியது. "அப்ப உங்கட ஸெல் தோற்கேல்லை. அதுகள் இன்னும் முழிக்கவே இல்லை." கதிரையில் சாய்ந்தார். "இதை நல்ல செய்தியெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. ஆனா வழி ஒண்டு இருக்கு. இண்டையோட அந்தக் குளிசையை நிப்பாட்டுங்கோ. மருந்து ஏத்திக் கான்சரைக் குறைச்சுப்போட்டு, உங்கட்ட திரும்ப ஸெல் எடுத்து ஏத்திப் பார்ப்பம். பிடிக்கும் எண்டு சொல்லமாட்டன். பார்க்கலாம்."

"டொக்டர், நான் வேளைக்கு நிப்பாட்டியிருந்தால் இது திருப்பி வந்திருக்காதோ?"

"தெரியாது. வந்தும் இருக்கலாம். ஒருத்தராலையும் சொல்லேலாது." எழும்பிக் கதவைத் திறந்தார். "ஆனா இதைத் தம்பிக்கு நீங்கள்தான் சொல்லவேணும். அவருக்குத் தெரியாமல் ஒரு துளியும் ஏத்தமாட்டன்."

வீட்டுக்கு வந்தபோது அவன் கரம் போட்டுக்குப் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான், விளையாடச் சக்தி இல்லாவிட்டாலும். சொன்னேன். செவ்வாய், ஊரடங்கு, ஓகஸ்ட், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். துடைத்த கை நின்றுவிட்டது.

"எனக்குக் கடிச்சால் நான் சொறிஞ்சுகொண்டு இருந்திருப்பன்" என்றான். "கடி வேண்டாமெண்டு நான் சொன்னனானா உனக்கு?"

"இல்லை."

"அந்தச் செவ்வாயெல்லாம் நீ போனது எனக்காகவா, உனக்காகவா?"

அவனுக்காக என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது. "எனக்காகத்தான்" என்றேன். "என்ர இரத்தம் உன்னைக் கடிக்கிறதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது."

அவன் எழும்பி வந்து, அலுமாரித் தட்டிலிருந்த குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தன்னுடைய அறைக்குள் போனான். அன்றிலிருந்து தன் குளிசையைத் தானே எடுத்தான். ஒவ்வொன்றின் பெயரையும் வாய்க்குள் வாசித்து, டொக்டர் எழுதித் தந்த துண்டுக்கடதாசியோடு ஒத்துப்பார்த்து விழுங்கினான். கரத்தில் தோற்றால் மூன்று நாள் கதைக்காதவன், இதற்கு மூன்று மாதம் எடுத்தான். சோறு வேணும், தண்ணி வேணும், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

ஒக்ரோபரில் மருந்து ஏற்றினார்கள். நவம்பர் தொடக்கத்தில் என்னைக் கட்டிலில் கிடத்தி, இரண்டு கையிலும் ஊசி குத்தி, நாலு மணித்தியாலம் மெஷினில் இரத்தத்தைச் சுற்றவிட்டார்கள். கிடைத்தது ஒரு சின்னப் பை, அரைக் கோப்பை இருக்கும். அது அவன் கைக்குள் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். டொக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இனி அந்தக் கடி கொஞ்சம் வந்தால் நல்லம். முழிச்சிருக்கினம் எண்டு அர்த்தம். கனக்க வந்தால் ஆபத்து. வராமலே விட்டாலும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஒரு கிழமை, மூன்று கிழமை, ஐந்து கிழமை. ஒன்றும் வரவில்லை. அவன் சேட்டைக் கழற்றும் போதெல்லாம் கள்ளத்தனமாக முதுகைப் பார்ப்பேன். ஒரு சிவப்பும் இல்லாமல் சுத்தமாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனேன். மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று செவ்வாய் வந்து வரவேண்டாமென்று மன்றாடிய அதே கடியை, இப்போது எந்த முகத்தோடு தாரும் என்று கேட்பது? கொளுத்தாமலே திரும்பி வந்தேன்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை. நான் கந்தோருக்குப் போகச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரனி முகம் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றான். கையை நீட்டினான், முந்தி நீட்டுவதுபோல். என் கை தன்பாட்டில் அலுமாரித் தட்டுக்குப் போனது. அங்கே பெட்டி இல்லை.

"ஒண்டும் போடாத" என்றான். "பார்."

பார்த்தேன். விரல்களின் அடியில், பெருவிரல் மேட்டில், திட்டுத் திட்டாகச் சிவப்பு. காதைப் பார்த்தேன். காதும் சிவப்பு.

"கடிக்குதோ?"

"கடிக்குது."

"நல்லாக் கடிக்குதோ?"

"உன்னை மாதிரித்தான் கடிக்குது" என்றான். மூன்று மாதத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் பகிடி அது. நான் சோற்றுப் பார்சலைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழாமல் டொக்டருக்குக் கோல் எடு என்று ஏசினான்.

பெப்ரவரியில் மச்சையை எடுத்துப் பார்த்தார்கள். கான்சர் ஸெல் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தது. இனி வராது என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்ரனியால் இனிக் கூண்டுக்கு ஏற முடியாது. கண் காய்ந்துபோகிறது, தோல் இறுகிவிட்டது. துறைமுகத்தில் கீழே ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், மேலே இருப்பவனுக்கு இப்போது அவன்தான் வயர்லெஸ்ஸில் சொல்கிறான். அந்த மாதங்களை நான் அவனிடமிருந்து எடுத்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்றால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம் இல்லை. அவனும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை.

குளிசைப் பெட்டி இன்றைக்கும் அவன் அறையில்தான். ஆனால் முதுகில் கடிக்கு ஒரு பூசுமருந்து இருக்கிறது, முதுகுக்கு அவனுக்குக் கை எட்டாது. காலையும் மாலையும் சேட்டைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் வாங்குப் பலகையில் இருப்பான். டொக்டரின் துண்டுக்கடதாசியைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டுவான்.

"முதல் வாசி" என்பான்.

"காலையும் மாலையும், மெல்லிதாக, கழுத்திலிருந்து இடுப்பு வரை."

"அவ்வளவுதானே எழுதியிருக்கு?"

"அவ்வளவுதான்."

"சரி, பூசு."

வரிகள் எனக்கு எப்போதோ பாடமாகிவிட்டன. இருந்தாலும் துண்டைக் கையில் பிடித்து, எழுத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் வாசிக்கிறேன்.